சத்தம் குறைந்த ஃபேன்

ஜூன் 3, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நாங்கள் செய்து தரும் சின்னக் கணினிப் பெட்டிக்கு ஃபேன் தேர்ந்தெடுக்கும் வேலை கடைசியில் என் தலையில்தான் விழுந்தது. டாக்டர் மேஜை மேல் உட்காரும் பெட்டி, டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரியது. சத்தம் வரக் கூடாதாம், சூடாகக் கூடாதாம், விலையும் ஏறக் கூடாதாம். எங்கள் மேனேஜர் ரெங்கராஜ் சார் இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கூசாமல் அடுக்கினார்.

சின்ன ஃபேன் என்றால் சின்னச் சத்தம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இறக்கை சின்னதாக இருந்தால் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் கத்தும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே வேலையை முடித்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

சார் இன்னொன்றும் சொன்னார். ஓசூரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே டெஸ்டிங் பிரிவுக்கு நான் தலைமை. குடியிருக்க வீடும் தருவார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். "வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க மேடம்" என்றார். எங்கள் வீட்டில் பேசுவது ஒன்றே ஒன்றுதான். அது என் மகள் பிரகதியின் அறையில் இருக்கும் சர்வர்.

ஜூன் 5, வியாழன்

சாம்பிள் ஃபேன்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் தான்தான் சத்தமே போடாத சாது என்று அட்டையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. அதை நம்பக் கூடாது. அந்த அளவு வெறும் காற்றில் எடுத்தது. முன்னால் ஒரு கம்பி வலை, பின்னால் சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க் தகடு என்று நெருக்கிப் பூட்டினால் அப்போதுதான் அதன் உண்மையான குரல் வெளியே வரும். ஜெனிபரிடம் எல்லாவற்றையும் பெட்டிக்குள் பூட்டியே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஜெனிபர் என் பிரிவில் இருக்கிற ஒரே ஆள், கெட்டிக்காரி.

எங்கள் வீட்டு சர்வரை எந்த வலைக்குள் வைத்தும் அளக்க வேண்டாம், தெருமுனையிலேயே கேட்கும். பிரகதி கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது, ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்டதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து தன் அறை அலமாரியில் வைத்தாள். தட்டையான பெட்டி, உள்ளே வரிசையாகச் சின்ன ஃபேன்கள், போட்டால் விமானம் கிளம்புகிற சத்தம். எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீர் எந்தத் தெருவுக்கு என்றைக்கு வரும் என்று கடவுளுக்கே தெரியாது. அவள் தண்ணீர் திறந்துவிடுகிறவரின் நம்பரை வாங்கி, தினமும் அவரிடம் கேட்டு, அந்த சர்வரில் ஓடும் ஒரு இணையப் பக்கத்தில் தெருவாரியாகப் போட்டாள். செல்போனில் திறந்தால் "உங்கள் தெருவுக்கு நாளை காலை" என்று வரும். இந்தப் பேட்டையே அதைப் பார்த்துத்தான் குடம் கழுவுகிறது.

போன ஐப்பசியில் டெங்குக் காய்ச்சலில் பிரகதி போய்விட்டாள். தண்ணீர்ப் பக்கம் ஒருநாள்கூட நிற்கவில்லை. அவள் அப்பா நடத்துகிறார்.

ஜூன் 6, வெள்ளி

மூன்றாம் கம்பெனி ஃபேன் மதியத்துக்குள் நின்றுவிட்டது, பேரிங்கில் எண்ணெய் இல்லை. எனக்கும் மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் பிரகதியின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு மெயின் ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை. பம்ப் மோட்டார் எரிந்து போனால் கம்பி சுற்றித் தருவார். ஞாயிற்றுக்கிழமையும் காலையில் போய்விட்டு மதியம் சாப்பாட்டுக்கு வருவார். வந்ததும் பிரகதியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். தண்ணீர்க்காரருக்குப் போன் போடுவது கேட்கும். அதன் பிறகு அந்த சர்வரின் இரைச்சல் ஒன்றுதான். சோறு ஆறிப் போகும். வெளியே வந்து, முகத்தைக் கழுவிவிட்டு, "நாளைக்கு நம்ம லைனுக்கு இல்லியாமா" என்பார். இதைச் சொல்ல இத்தனை நேரமா?

பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவுக்கு இவரைப் பார்த்தால் பெருமை தாங்காது. இன்றும் காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன இருந்தாலும் உங்கூட்டுக்காரரு மாதர வருமா அம்மிணி? அன்னிக்குக் கல்லாட்ட நின்னாரு. இன்னிக்கும் புள்ள ஆரம்பிச்சதை உடாம செய்யறாரு" என்றாள்.

கல்லாட்டம் நின்றார், வாஸ்தவம்தான். என்னை எல்லோரும் கட்டிப் பிடித்து, "அழுதுரு அம்மிணி, மனசுல வெச்சுக்காத" என்றார்கள். தொண்டை கட்டி, பேச்சே வராமல் போகிற வரைக்கும் அழுதேன். அவர் நாற்காலி போட்டார். வந்தவர்களுக்கு டீ போதுமா என்று கேட்டார். ஐஸ் பெட்டி வந்ததும் அதன் வயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகளை அதற்குள் படுக்க வைக்கப் போகிறார்கள், இவர் டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சியை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அன்றும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, இன்று வரை இல்லை.

ஓசூர் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சம்பளம் கூட வரும், வேலையும் எனக்குப் பிடித்தது. போக நினைப்பதற்கு இது போதாதா?

ஜூன் 11, புதன்

சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, ஓசூர்ல புதுசா பிராஞ்ச் போடறாங்களாமா. என்னைய வரச் சொல்றாங்க."

"நல்லதுதான கோதை."

"நா மட்டும் போறதுங்க. உங்களுக்குக் கடை இருக்குதல்ல."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசத்துக்குக் குழி பறித்தார், ரசம் ஊற்றவில்லை. "செரி, போயிட்டு வா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க தண்ணி வசதி எப்பிடீன்னு கேட்டுக்க" என்றார்.

மறுபடியும் தண்ணீர்! தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

காலையில் நான் கிளம்புகிற நேரத்தில் வாசலில் வந்து நின்றார். "கோதை, அந்த மிஷின்ல ஒரு ஃபேன் கரகரங்குது. நின்னு கின்னு போச்சுன்னா என்னாகும்?"

"சூடாகி டிஸ்க் போயிருமுங்க. அவ போட்டு வெச்சது அத்தனையும் போயிரும்."

"உன்ற ஆபீஸ்ல அதுக்கு ஃபேன் கெடைக்குமா?"

இத்தனை மாதங்களில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி இதுதான். சாயங்காலம் வந்து அந்த அறைக்குள் போனேன். காரியத்துக்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். சர்வரின் மூடியைக் கழற்றினேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிசையில் ஒன்று ஆடுகிறது, பக்கத்தில் இருப்பதும் போகிற மாதிரி இருக்கிறது. ஃபேன்களை மட்டும்தான் பார்த்தேன். கட்டில் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 14, சனி

முடித்துவிட்டேன். எழுதி வைத்துக்கொள்கிற அளவுக்கு நல்ல வேலை.

அதே அளவில் புது ஃபேன் போட்டால் மறுபடியும் விமானம்தான். எனவே மூடியை வெட்டி, மேலே உள்ளங்கை அகலத்தில் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனைப் பூட்டினேன். பிராசசருக்கு நேராகக் காற்று இறங்கும். உள்ளே இருந்த சின்ன ஃபேன்களுக்குப் பதில் பால் பேரிங் வைத்த, நிதானமாக ஓடுகிறவை. அந்த சர்வர் சந்தேகப் பிராணி, ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பழுது என்று நினைத்து நின்றுவிடும். அது எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வேகத்தின் எல்லையை இறக்கி வைத்தேன். ரப்பர் வாஷர் கொடுத்ததில் தகட்டு அதிர்வும் போய்விட்டது. மதியம் முழுக்க சூடு பார்த்தேன், முன்பை விடக் குறைவு.

கடைசியில் அது ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அடுப்படியில் குக்கர் விசில் எத்தனை என்று எண்ண முடிந்தது. தெருவில் கீரைக்காரர் போவது கேட்டது. இந்த வீட்டில் என்னால் சரிசெய்ய முடிந்த ஒன்று இருந்தது என்பதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் வந்தார். அறைக்குள் போனார், கதவைச் சாத்தினார். தண்ணீர்க்காரரிடம் பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. பேசி முடித்தார். கதவு உடனே திறந்துவிட்டது.

"சத்தமே இல்லியே?" என்றார்.

"நல்லாருக்குதல்லங்க?"

"ம். நல்லாருக்குது." சர்வரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "ஓடுதுதான?"

"ஓடுதுங்க. கைய வெச்சுப் பாருங்க."

பார்க்கவில்லை. வேகமாகச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கே திரும்பிப் போய்விட்டார். இத்தனை பாடுபட்டதற்கு ஒரு பாராட்டுகூட இல்லை. கல்லிடம் போய் எதிர்பார்த்தது என் தப்பு.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைப்பதற்குள் ராஜாமணி அக்கா பிடித்துக்கொண்டாள். "தண்ணி எப்பன்னு ரெண்டு நாளாப் போடவே இல்லியே அம்மிணி? உங்கூட்டுக்காரரு சோத்துக்கும் வரக் காணோம். ஒடம்புக்கு முடியலியா?"

இரவு சாப்பாட்டின்போது கேட்டேன். கடையில் வேலை அதிகமாம். "அப்ப அந்த மிஷினுக்கு நா எதுக்கு லீவு நாள்ல உசுரைக் குடுத்தேன்?" என்று கத்திவிட்டேன். "நாளைல இருந்து கடைல இருந்தே போன்ல போட்டுடறேன்" என்றார், மெதுவாக. என்னைப் பார்க்கவில்லை. தூங்காதவர் மாதிரி கண் சிவந்து கிடந்தது.

ரெங்கராஜ் சாரிடம் நாளை சம்மதம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

சொல்ல நேரம் கிடைக்கவில்லை. கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு விசித்திரமான புகார். ஜெனிபர் மூன்று சாம்பிள் பெட்டிகளை வைத்துவிட்டு வந்திருந்தாள், நான் தேர்ந்தெடுத்த ஃபேன் போட்டது. சத்தம் குறைவு என்று டாக்டர்கள் மெச்சுவார்கள் என்று உட்கார்ந்திருந்தோம்.

"அந்த டாக்டரம்மா பழைய பொட்டியே தேவலைங்கறாங்க மேடம்" என்றாள் ஜெனிபர். "ரூமுக்கு நடுவுல வெறும் பிளைவுட் தடுப்புதானாம். முன்ன அந்த எரச்சல்ல ஒண்ணும் கேக்காது. இப்ப உள்ள பேஷண்ட்கிட்ட 'பார்வை திரும்பாது'ன்னு சொன்னா, வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு அத்தனையும் கேக்குதாம். உள்ள இருக்கறவங்க அழுவறதுகூடக் கேக்குதாம். பாவம், வெக்கப்படறாங்களாம்."

சார் சிரித்தார். "சத்தம் போட்டாலும் குத்தம், போடலைன்னாலும் குத்தம்." நானும் சிரித்தேன். தடுப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லி எழுதுவோம், ஃபேனை மாற்ற மாட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையிலும் அவர் சாப்பிடாமல் போய்விட்டார். எனக்கு மதியம் மனசு கேட்கவில்லை. பர்மிஷன் போட்டு வீட்டுக்கு வந்து, தயிர்சாதம் கிளறி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கல்யாணமான புதிதில் போனது, அதன் பிறகு இப்போதுதான் போகிறேன்.

ரோட்டிலேயே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். பெஞ்சில் ஒரு பெரிய பம்ப் மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. கம்பி சுற்றி முடித்து, பெயின்ட் அடித்து, பார்ட்டி பெயரைச் சாக்பீஸில் எழுதி, வண்டிக்குக் காத்திருக்கிற மோட்டார். அதை இப்போது ஓட்டிப் பார்க்க ஒரு அவசியமும் இல்லை.

அவர் அதற்குப் பின்னால், சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. ஒரு பக்கம் திரும்பியபோது வாய் அகலமாகத் திறந்திருப்பதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் அதற்குத்தான் ஓடியது.

அந்த டாக்டரம்மாவின் புகார் ஞாபகம் வந்தது. சாத்திய கதவும், ஆறிப் போன சோறும், கழுவிய முகமும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன். நான் வீட்டுக்கு அமைதியைக் கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் அழுவதற்கு இருந்த ஒரே இடத்தைப் பிடுங்கியிருக்கிறேன்.

ஷட்டரைத் தூக்கினேன். என்னைப் பார்த்ததும் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். மோட்டார் சுற்றிச் சுற்றி அடங்கியது. வேஸ்ட் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார், கிரீஸ் அப்பிக்கொண்டது.

"வார்னிஷ் நெடி. கண்ணுல ஏறிக்குச்சு."

"அந்த ரூம்லயும் வார்னிஷ் நெடிதானுங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு வந்தவங்க அத்தனை பேரும் எங்கையப் புடிச்சு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க கோதை. நீங்கதான் தெம்பா இருக்கோணும், நீங்க ஒடைஞ்சா அவங்க தாங்க மாட்டாங்கன்னு. உங்க பெரிய மாமா சொன்னாரு. டீ கொண்டாந்த ஆளுகூடச் சொன்னாரு. செரீன்னு இருந்துட்டேன். அப்பறம் யாராச்சும் ஒருத்தரு வந்து, 'போதுமப்பா, இனி நீயும் அழுதுக்க'ன்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன். இன்னி வரைக்கும் யாருமே சொல்லல."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "ஐஸ் பொட்டி வயரைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்தீங்களே, அதுவும் தெம்புதானுங்களா?" என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். "அதுல எர்த் வயரு அத்துப் போயிருந்துச்சு. பொட்டித் தகட்டுல கரண்ட் வந்துச்சு. தொட்டா அடிக்கும். நீ அவ மேல உழுந்து அழுவேன்னு எனக்குத் தெரியுமல்ல?"

நான் அங்கே இருந்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப அழுவுங்க" என்றேன். அவர் முயற்சி செய்தார். மூக்கை உறிஞ்சினார், கையைப் பிசைந்தார். "நீ பாத்துட்டே இருந்தா வரமாட்டேங்குது" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிரித்தோம்.

"பழைய ஃபேனையே திருப்பி மாட்டித் தரட்டுங்களா?"

யோசித்தார். ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. "வேண்டாம். மிஷின் சூடாயிரும்" என்றார்.

ஒரே டப்பாவில் இரண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

ஜூன் 21, சனி

ரெங்கராஜ் சாருக்குப் போன் செய்து, ஓசூருக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். "வீட்ல வேண்டாம்னுட்டாங்களா மேடம்?" என்றார். நான் போகவில்லை என்பதை வீட்டில் இன்னும் சொல்லவே இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குத் தடுப்பு மாற்றும் செலவில் பாதியை நாமே ஏற்கலாம் என்றும் சொன்னேன். முதலில் பிடிகொடுக்கவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் வந்து பிரகதியின் அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. சாத்துவதா வேண்டாமா என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு அடுப்படியிலிருந்து தெரிந்தது. நான் குனிந்து வெங்காயம் உரித்தேன்.

தண்ணீர்க்காரருக்குப் போன் போட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு இருமல் மாதிரி கேட்டது. இருமல் இல்லை. பிரகதி குழந்தையாக இருந்தபோது கூப்பிடுகிற மாதிரி, "கண்ணூ" என்றார். அதற்கு மேல் வார்த்தை இல்லை. அவ்வளவு பெரிய மனுஷனிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். கட்டிலில், அவள் படுக்கிற இடத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை.

வாசல் மணி அடித்தது. அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் அந்தக் கையை எடுத்து விட்டுவிட்டு, எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

ராஜாமணி அக்கா இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். "நம்ம லைனுக்கு இன்னிக்குத் தண்ணி வருமான்னு அவரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்றியா அம்மிணி?"

உள்ளேயிருந்து அவர் குரல் வாசல் வரைக்கும் வந்தது. தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு? யாரு அது?"

"அவருதானுங்க்கா. அழுதுட்டு இருக்காரு."

"லோகநாதனா?"

"ஆமாங்க்கா."

அக்கா குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். பிறகு எங்கள் வாசலில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு குடங்களையும் மறு கையில் கோத்துக்கொண்டாள்.

"தண்ணி வந்தா உனக்கும் புடிச்சு வெக்கறேன். நீ உள்ள போ அம்மிணி" என்றாள்.

நான் உள்ளே போனேன்.